பட்ஜெட் மூன்றாவது வாரத்திலேயே உடைந்துவிடுகிறது, எங்கே சரிசெய்வது?

முதல்சம்பளம் (கேள்வி):

வணக்கம். வேலைக்குச் சேர்ந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. தனியாக வாடகைக்கு இருக்கிறேன். வாடகை, சாப்பாடு, போக்குவரத்து, போன் பில், அப்பா அம்மாவுக்கு அனுப்புவது எல்லாம் போக ஒரு தொகை மிஞ்ச வேண்டும். தாளில் மிஞ்சுகிறது, கையில் மிஞ்சுவதில்லை.

50-30-20 விதியைப் பார்த்து எக்செல்லில் பட்ஜெட் போட்டேன். அவசியத்துக்கு 50 சதவீதம், விருப்பத்துக்கு 30, சேமிப்புக்கு 20. ஆனால் எனக்கு அவசியச் செலவே 60-ஐத் தாண்டுகிறது. அதையும் சமாளித்துக்கொண்டு போனால், மாதத்துக்கு ஒன்று புதிதாக வந்து நிற்கிறது. ஒரு மாதம் பல் வைத்தியம், அடுத்த மாதம் நெருங்கிய நண்பனின் கல்யாணம், அதற்கடுத்து லேப்டாப் சார்ஜர். பட்ஜெட் ஒருமுறை உடைந்துவிட்டால் மிச்ச நாட்களுக்குக் கணக்கு எழுதவே கை வருவதில்லை.

கிரெடிட் கார்டில் கொஞ்சம் பாக்கியும் இருக்கிறது. குறைந்தபட்சத் தொகையை மட்டும் மாதாமாதம் கட்டுகிறேன். கடனை முதலில் அடைப்பதா, சேமிப்பைத் தொடங்குவதா? எங்கே ஆரம்பிப்பது என்று சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:

தம்பி, பல், கல்யாணம், சார்ஜர் மூன்றையும் ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். விடை அந்த வரியிலேயே இருக்கிறது. எந்த மாதத்தில் எது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் வருடத்தில் இப்படிச் சில வந்தே தீரும் என்பது நிச்சயம். நிச்சயமாக வரப்போகிற செலவுக்கு உங்கள் பட்ஜெட்டில் இடமே இல்லை. நான் வருடக்கணக்கில் அலுவலகக் கணக்கு பார்க்கிறவன். அங்கே வருடத்துக்கு ஒருமுறை கட்டும் காப்பீட்டைக் கட்டும் மாதத்தின் தலையில் மட்டும் வைக்க மாட்டோம், பன்னிரண்டு மாதத்துக்கும் பிரித்துப் போடுவோம். தனி மனிதருக்கும் அதே முறைதான்.

வங்கிக் கணக்கின் பழைய பரிவர்த்தனைகளை, கிடைக்கிற வரைக்கும் பின்னால் போய், ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பாருங்கள். மாதாமாதம் வராத ஒவ்வொன்றையும் தனியாக எழுதுங்கள்: காப்பீடு, வண்டிப் பராமரிப்பு, மருத்துவம், பரிசு, ஊருக்குப் போய்வருவது, துணிமணி, ஆண்டுச் சந்தாக்கள். ஒரு வருடத்துக்கான கூட்டுத்தொகையை 12-ஆல் வகுங்கள். அந்தத் தொகை வாடகையைப் போலவே மாதச் செலவுதான். சம்பளம் வந்த அன்றே அதை வேறொரு கணக்குக்கு மாற்றிவிடுங்கள். தானாகவே மாறும்படி வங்கியில் ஏற்பாடு செய்துவிட்டால் இன்னும் நல்லது. அடுத்த முறை பல் வலித்தால் பணம் அங்கிருந்து போகும், பட்ஜெட் அப்படியே நிற்கும்.

50-30-20-ஐ இவ்வளவு பிரபலமாக்கியவர்கள் அமெரிக்காவின் எலிசபெத் வாரனும் அவர் மகளும். 2005-ல் அவர்கள் சேர்ந்து எழுதிய நூலில் அது வந்தது. வரி போகக் கைக்கு வரும் பணத்தை எப்படிப் பிரிக்கலாம் என்பதற்கு அது ஒரு வழிகாட்டி, அவ்வளவுதான். வேலைக்குப் புதிதாக வந்து தனியாக வாடகை கொடுப்பவருக்கு 60-25-15 ஒன்றும் குறைவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவசியச் செலவைத் தூக்கிவிடுவது வாடகைதான் என்றால், தினசரிச் சின்னச் செலவுகளைப் பிடித்து இறுக்கி அதைச் சரிசெய்ய முடியாது. ஒப்பந்தம் முடியும்போது வீட்டை ஒருவரோடு பகிர்ந்துகொள்வது பற்றி யோசியுங்கள்.

அப்புறம் கார்டு. எனக்கு உண்மையில் கவலை தருவது இதுதான். மாதம் 3 சதவீத வட்டி என்பது பார்க்கச் சின்னதாகத் தெரியும். வட்டிக்கு வட்டி சேர்ந்தால் வருடத்துக்கு 42 சதவீதத்துக்கும் மேல் போகும், எதுவும் கட்டாமல் விட்டால் கடன் 24 மாதத்தில் இரட்டிப்பாகும். குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டும்போது அதில் பெரும்பகுதி வட்டிக்கே போய்விடும், அசல் நகராது. பாக்கி இருக்கும்வரை பெரும்பாலான கார்டுகளில் வட்டியில்லாத அந்தச் சில வாரங்களும் கிடைக்காது, புதிதாக வாங்குவதற்கு வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். அதனால் பாக்கி தீரும்வரை கார்டை எடுக்காதீர்கள்.

கடனா சேமிப்பா என்று கேட்டீர்கள். முதலில் சின்னதாக ஒரு அவசரத் தொகை, இரண்டு மூன்று வார அவசியச் செலவுக்குப் போதுமான அளவு. அதுகூட இல்லையென்றால் அடுத்த அவசரத்துக்கு மறுபடியும் கார்டுதான். பிறகு மிச்சம் பிடிக்கும் பணம் முழுவதும் கார்டுக்கு. எந்தச் சேமிப்பும் 42 சதவீதம் தராது. கார்டு முடிந்த பிறகு அவசரத் தொகையை மூன்று முதல் ஆறு மாதச் செலவு அளவுக்கு வளர்க்கலாம்.

இரவுப்பணி:

கணக்குப்பிள்ளை அண்ணன் சொன்னதோடு இதையும் பாருங்கள். மாதப் பணத்தை நான்கு வாரத்துக்குப் பிரித்து வைத்திருக்கிறீர்களா? நான்கு வாரம் என்றால் 28 நாள்தான். பிப்ரவரியைத் தவிர எல்லா மாதத்திலும் இரண்டு மூன்று நாள் அதிகம், அந்த நாட்களுக்குப் பணமே இல்லாத பட்ஜெட் அது. நான் வாரச் செலவை ஒரு நாளுக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு, திங்கள்தோறும் ஏழு நாளுக்கான பணத்தை மட்டும் செலவுக் கணக்குக்கு மாற்றுகிறேன். ஒரு வாரம் கைமீறிப் போனாலும் அடுத்த திங்கள் புதிதாகத் தொடங்கலாம், மாத முடிவு வரை காத்திருக்க வேண்டியதில்லை. என் சம்பளம் மணிக்கணக்கில் என்பதால் மாதத்துக்கு மாதம் மாறும். அதனால் குறைவாக வந்த மாதத்தை வைத்தே பட்ஜெட் போடுகிறேன்.

நோட்டும்பேனாவும்:

எக்செல்லை ஒதுக்கிவிட்டுக் கையால் எழுதிப் பாருங்கள் என்பேன். ஜப்பானில் ககேபோ என்றொரு வீட்டுக் கணக்கு முறை உண்டு. ஹனி மோட்டோகோ என்ற பெண் பத்திரிகையாளர் 1904-ல் அதை அறிமுகப்படுத்தினார். இன்று பரவலாகப் பின்பற்றும் வடிவில் செலவுக்கு நான்கே பிரிவு: அவசியம், விருப்பம், படிப்பு-கலை, எதிர்பாராதது. அந்த நான்காவது பிரிவைப் பாருங்கள், மேலே பேசிக்கொண்டிருப்பதற்குத்தான் அங்கே முதலிலேயே ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறார்கள். இருபது பிரிவு வைத்தால் எழுத அலுத்துவிடும், நான்கு என்றால் தூங்கப் போகும் முன் எழுதி முடித்துவிடலாம்.

கணக்குப்பிள்ளை அண்ணனோடு ஒரு இடத்தில் எனக்கு ஒத்துப்போகவில்லை. கடன் தீரும்வரை விருப்பச் செலவை முழுக்க நிறுத்திவிடாதீர்கள். கொஞ்சமாவது யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாத பணமாக வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாத பட்ஜெட் நீடித்து நான் பார்த்ததில்லை.

கணக்குப்பிள்ளை:

சரிதான், ஏற்றுக்கொள்கிறேன். அந்தத் தொகை மட்டும் முன்கூட்டியே முடிவானதாக இருக்கட்டும்.

முதல்சம்பளம்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு பரிவர்த்தனைகளை எடுத்துப் பார்த்தேன். மாதாமாதம் வராத செலவுகளைக் கூட்டினால் கிட்டத்தட்ட ஒரு மாதச் சம்பளம் வருகிறது. இவ்வளவு இருக்கும் என்று நினைக்கவே இல்லை. ஒரே ஒரு சந்தேகம் அண்ணா. வண்டிக் காப்பீடு இன்னும் மூன்று மாதத்தில் கட்ட வேண்டும். 12-ஆல் வகுத்து ஒதுக்கினால் அதற்குள் கால் பங்குதானே சேர்ந்திருக்கும்?

கணக்குப்பிள்ளை:

ஆமாம், முதல் சுற்றுக்கு மட்டும் கட்டுவதற்கு எத்தனை மாதம் இருக்கிறதோ அதனால் வகுங்கள். காப்பீட்டை மூன்றால் வகுத்து இப்போதே தொடங்குங்கள். அந்த மூன்று மாதமும் கார்டுக்குப் போகும் பணம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை, கார்டில் போட்டுக் காப்பீடு கட்டுவதைவிட இது மலிவு. கட்டி முடித்த மாதத்திலிருந்து 12-ஆல் வகுத்தால் போதும். கல்யாணம், பரிசு போலத் தேதி தெரியாதவற்றை ஆரம்பத்திலிருந்தே 12-ஆல் வகுக்கலாம்.