அனிமேஷன் படம் பார்த்து ஆங்கிலம்: நோட்டு நிறைகிறது, நாக்கில் ஒன்றும் வரவில்லை

இரவுப்பறவை:
மூன்று மாதமாக வாரத்துக்கு இரண்டு அனிமேஷன் படம் பார்க்கிறேன், ஆங்கில வார்த்தைகளுக்காகவே. தெரியாத வார்த்தை வந்தால் நிறுத்தி, அகராதியில் தேடி, நோட்டில் எழுதி, மறுபடி ஓடவிடுவேன்; ஒன்றரை மணி நேரப் படம் மூன்று மணி நேரம் இழுக்கிறது. நோட்டில் 400 வார்த்தைக்கு மேல் சேர்ந்துவிட்டது. நேற்று ஒரு பக்கத்தைத் திறந்து அர்த்தத்தை மறைத்துக்கொண்டு பார்த்தேன், 20-ல் 3 தான் தெரிந்தது. பேசும்போது அந்த மூன்றும் வருவதில்லை. குழந்தைகள் படம்தானே, சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். எனக்குத்தான் மண்டையில் ஏறவில்லையா? அப்புறம், சப்டைட்டில் தமிழில் வைப்பதா, ஆங்கிலத்தில் வைப்பதா?

மெதுவண்டி:
உங்கள் மண்டையில் கோளாறு இல்லை, குழந்தைகள் படம் சுலபம் என்பதுதான் தப்புக் கணக்கு. சொல்வளத்தை ஆராய்ந்த பால் நேஷன் 2006-ல் ஒரு கட்டுரையில் 'ஷ்ரெக்' படத்தின் வசனங்களை எடுத்துக் கணக்கிட்டார். அதில் வரும் சொற்களில் 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டுமென்றால் ஏறக்குறைய 7,000 சொற்குடும்பங்கள் தேவை என்று வந்தது. ஹெல்ப், ஹெல்ப்ஃபுல், ஹெல்ப்லெஸ் எல்லாம் சேர்ந்து ஒரே குடும்பம், அப்படி 7,000. அந்தப் படம் பார்க்கும் குழந்தைக்கும் பாதி புரியாது, அது சிரித்துவிட்டுப் போய்விடும். நாம்தான் நோட்டும் பேனாவுமாக உட்காருகிறோம்.

நோட்டில் தனி வார்த்தையாக எழுதுகிறீர்கள் என்று நினைக்கிறேன், சிக்கல் அங்கேதான். 'ஃபிகர் அவுட்' என்று ஒருவன் சொல்கிறான், நீங்கள் ஃபிகர் என்பதைத் தேடி 'உருவம், எண்' என்று எழுதினால் அந்தக் காட்சிக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. அவன் சொன்னது யோசித்து விடை கண்டுபிடிப்பதைப் பற்றி. வாக்கியத்தை முழுதாக எழுதுங்கள், யார் யாரிடம் எதற்காகச் சொன்னது என்பதையும் நாலு வார்த்தையில் பக்கத்தில் போடுங்கள். முழுப் படம் வேண்டாம், ஐந்து நிமிடக் காட்சி ஒன்று போதும், ஆனால் அதையே இன்று, நாளை, அப்புறம் ஒரு வாரம் கழித்து என்று திரும்பப் பாருங்கள்.

குட்டிச்சுவர்:
சப்டைட்டில் பற்றி மட்டும் சொல்கிறேன். தமிழில் வைத்தால் கண் தமிழைப் படிக்கும், காது தூங்கிவிடும். கதை தெரிய வேண்டுமானால் ஒருமுறை அப்படிப் பாருங்கள், பிறகு ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள், கடைசியில் அதையும் எடுத்துவிடுங்கள். ஜப்பானியப் படத்தின் ஆங்கில டப்பிங்கைப் பார்த்தால் கவனம்: சப்டைட்டில் பெரும்பாலும் ஜப்பானிய வசனத்தின் மொழிபெயர்ப்பாக இருக்கும், காதில் விழுவது ஒன்று, எழுத்தில் இருப்பது வேறொன்று. அது தெரியாமல் என் காதுதான் சரியில்லை என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாதிநிலா:
எனக்கு இந்த நிறுத்தி நிறுத்தி எழுதும் முறையே பிடிக்காது, படம் செத்துவிடும். ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பேன், அவ்வளவுதான். 'டிஸ்கஸ்ட்' (அருவருப்பு) என்ற வார்த்தையைப் பாடப்புத்தகத்தில் எத்தனையோ முறை படித்திருக்கிறேன், ஒட்டவில்லை. 2015-ல் வந்த 'இன்சைட் அவுட்'டில் அந்தப் பெயரிலேயே ஒரு பச்சை நிறப் பெண் முகத்தைச் சுளித்துக்கொண்டு திரிவாள், அன்றிலிருந்து மறக்கவில்லை. அனிமேஷனில் இன்னொரு வசதி, குரலைப் பெரும்பாலும் ஸ்டூடியோவில் முதலில் பதிவுசெய்துவிட்டு அதற்கேற்பத்தான் வாயசைவை அமைக்கிறார்கள், அதனால் பேச்சு துலக்கமாகக் கேட்கும்.

தயவுசெய்து 'வால்-இ'யில் ஆரம்பித்துவிடாதீர்கள். அருமையான படம், ஆனால் முதல் அரை மணி நேரம் பேச்சே கிடையாது என்று சொல்லலாம்.

இரவுப்பறவை:
நன்றி நண்பர்களே. நோட்டை மறுபடி புரட்டினேன், 'ஹேங் ஆன்: தொங்கு' என்று எழுதி வைத்திருக்கிறேன். 'கொஞ்சம் இரு' என்றுதான் படத்தில் வரும் முயல் சொல்லியிருக்கிறது! நேற்று அந்த ஒரு காட்சியை மட்டும் நான்கு முறை பார்த்தேன், நான்காவது முறை முயலுக்கு முன்னால் நானே சொல்லிவிட்டேன். சரி, கோனா, வானா என்று பேசுகிறார்களே, அதையும் எழுதிக்கொள்ளவா? பாட்டுகளை என்ன செய்வது?

மெதுவண்டி:
'கோயிங் டு', 'வான்ட் டு' என்பதைத்தான் அப்படி விழுங்கிப் பேசுகிறார்கள். காதுக்குத் தெரிந்தால் போதும், வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போது போட்டுவிடாதீர்கள். பாட்டில் எதுகைக்காக வார்த்தைகளை இடம் மாற்றுவார்கள், அதனால் வாக்கிய அமைப்பை அங்கிருந்து எடுக்க வேண்டாம். உச்சரிப்புக்குக் கூடவே பாடிப் பார்க்கலாம், கதவைச் சாத்திக்கொண்டு.