கதவை உடைத்தது பொலிஸ், காசு கட்டுவது வீட்டுக்காரனா?

பரந்தன் பெடியன்:
மாமா வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்குப் போன கிழமை இரவு பொலிஸ் வந்தது. வாடகைக்காரர் ஐஸ் போதைப்பொருள் வைத்திருக்கிறாராம். முன்கதவை உடைத்து, சீலிங்கைப் பிடுங்கி, குசினித் தளத்தையும் கிண்டிவிட்டார்கள். ஒன்றும் அகப்படவில்லை. நட்டஈடு கேட்டதற்கு “கடமையைத்தானே செய்தோம்” என்றார்களாம். பாதை போடக் காணி எடுத்தால் காசு கொடுக்க 1950இலேயே காணி சுவீகரிப்புச் சட்டம் வந்துவிட்டது. ஊர் நன்மைக்காகக் கதவை உடைத்தால் மட்டும் ஏன் இல்லை?

முறிகண்டியான்:
தம்பி, ஐஸ், கசிப்பு என்று பெடியள் அழிகிறார்கள், பொலிஸ் வருவதில்லை என்று கத்துவதும் நாங்கள்தான். தட்டிவிட்டு வாசலில் காத்து நின்றால் சாமான் கிணற்றுக்குள் போய்விடும். உடைத்த ஒவ்வொரு கதவுக்கும் காசு என்றால் எந்தப் பொலிஸ்காரன் வருவான்?

நெடுங்கேணிக்காரி:
காசு கொடுக்கப்போவது அரசு, பொலிஸ்காரன் அல்ல. அவர் ஏன் பயப்பட வேண்டும்?

சட்டத்துக்கு வருவோம். இலங்கையின் 1978 அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளில் சொத்துரிமை இல்லை. அதனால் 12(1), அதாவது சட்டத்தின் சமமான பாதுகாப்பு, என்ற உறுப்புரையைப் பிடித்துத்தான் உயர் நீதிமன்றம் போகலாம். அதுவும் ஒரு மாதத்துக்குள். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் கணக்கில் வராது. வவுனியாவில் அலுவலகம் இருக்கிறது, மாமாவை இந்தக் கிழமையே அனுப்புங்கள். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல் வழக்கில் 2023இல் முன்னாள் ஜனாதிபதியையே 10 கோடி ரூபாய் கட்டச் சொன்ன நீதிமன்றம் அது. ஆனால் அங்கே கடமை தவறியது நிரூபணமானது. உங்கள் மாமாவும் பொலிஸின் பிழையைக் காட்ட வேண்டும். தேடுதல் முறையானது என்று வந்துவிட்டால் கதவின் செலவு அவர் தலையில்தான். என் கோபமே அதில்தான்.

முறிகண்டியான்:
அமெரிக்காவிலும் இதே கதைதான். 2020இல் டெக்சஸின் மெக்கின்னியில், ஒருவன் ஒரு பிள்ளையோடு வேறொருவர் வீட்டுக்குள் புகுந்துகொண்டான். பொலிஸ் கண்ணீர்ப்புகை அடித்து வீட்டை நாசமாக்கியது. ஜூரி கொடுத்த ஏறத்தாழ 60,000 டொலரை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023இல் தள்ளிவிட்டது. மறு ஆண்டு அவர்களுடைய உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்கவே இல்லை.

நெடுங்கேணிக்காரி:
பாதியோடு நிறுத்திவிட்டீர்கள், அண்ணை. உடனடி ஆபத்தைத் தடுக்க அது அவசியம் என்றுதான் தள்ளினார்கள். மாநில அரசியலமைப்பின் கீழான கோரிக்கையை அவர்கள் மூடவும் இல்லை. பரந்தன் குசினிக்குள் எந்தப் பிள்ளை பணயமாக இருந்தது?

முறிகண்டியான்:
சரி, ஆளை விசாரிக்காமல் வீடு கொடுத்தவருக்குப் பொறுப்பில்லையா? முற்பணம் கையில் இருக்குமே, முதலில் அதில் கழிக்கச் சொல்லுங்கள்.

பரந்தன் பெடியன்:
அது முன்கதவுக்கே காணாது. “வீட்டில் ஒன்றும் எடுக்கவில்லையே, நான் ஏன் கட்ட வேண்டும்?” என்று வாடகைக்காரர் நேற்று வந்து முற்பணத்தைத் திருப்பிக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்.