வெடைச் சேவல் பாய்ந்தால் என்ன செய்வது? எங்கள் முற்றத்தில் நடந்தவை

எங்களுக்குப் பர்மாவில் தட்டோன் பக்கம் ஒரு கிராமம். போன மழைக்கு முன்னால் பதினோரு முட்டை அடை வைத்தேன். 21-ஆம் நாள் எட்டு பொரிந்தன. ஒன்பதாவது மறுநாள்தான் ஓட்டை உடைத்தது. அதற்குள் தாய்க்கோழி எட்டையும் கூட்டிக்கொண்டு அடையை விட்டு எழுந்துவிட்டது. ஈரம் காயாமல் கிடந்த அந்தக் குஞ்சை என் மகன் எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். அன்றிலிருந்து அது அவனுடைய பிள்ளை. வேலன் என்று பெயரும் வைத்தாயிற்று.

தாயில்லாக் குஞ்சுக்கு முதல் வாரம் 35 டிகிரி சூடு வேண்டும், பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைக்கலாம் என்பார்கள். எங்கள் ஊர் கரண்டை நம்பி பல்பு போட முடியாது. வெந்நீரை பாட்டிலில் ஊற்றித் துணி சுற்றிப் பெட்டிக்குள் வைத்தோம். ராத்திரியில் இரண்டு முறை எழுந்து நீரை மாற்றினேன். சூடு போதுமா என்பதைக் குஞ்சே சொல்லிவிடும். பாட்டிலோடு ஒட்டிக்கொண்டு கீச்சுக்கீச்சென்று கத்தினால் குளிர்கிறது. தள்ளிப் போய் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம்.

தவறு நடந்தது சூட்டில் இல்லை, விளையாட்டில். மகன் விரலை நீட்டி நீட்டி அதைச் சீண்டுவான். அது எம்பிக் குதித்துக் கையை உதைக்கும். உள்ளங்கை அளவு குஞ்சு மயிரைச் சிலிர்த்துக்கொண்டு சண்டைக்கு வந்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? வீடே சிரித்தது. நானும்தான்.

ஆறாம் வாரத்தில் கொண்டை சிவந்தது. மூன்றாம் மாதம் கழுத்து இறகுகள் கூர் கூராக நீண்டன. மூன்றரை மாதத்தில் ஒரு நாள் விடியக்காலை, துருப்பிடித்த குழாயைத் திருகுகிற மாதிரி ஒரு சத்தம். எழுந்து போய்ப் பார்த்தால் வேலன் கழுத்தை நீட்டிக் கூவப் பார்க்கிறான். பக்கத்து வீட்டுப் பர்மாக்காரக் குழந்தை ஓடிவந்து "அவுக் ஈ ஈ உட்" என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது. இல்லை, "கொக்கரக்கோ" என்று என் மகன் திருத்தினான். இரண்டு பேரும் அன்று முழுக்க அதே சண்டைதான்.

ஐந்தாம் மாதம் என் நாத்தனார் குடத்தோடு வரும்போது பின்னாலிருந்து பாய்ந்தான். மறுநாள் என் கெண்டைக்காலில். கால் முள் அப்போது வெறும் மொட்டுதான், ஆனாலும் இரண்டு இடத்தில் கன்றிப்போனது. பாய்வதற்கு முந்தின நாட்களை இப்போது நினைத்துப் பார்த்தால் எல்லாமே புரிகிறது. நேராக வரமாட்டான். பக்கவாட்டில் திரும்பி, ஒரு இறக்கையைத் தரையில் உரசும்படி தொங்கவிட்டு, கிறுகிறுவென்று அரைவட்டம் போடுவான். நடுவில் தலையைத் தாழ்த்தித் தரையைக் கொத்துவான். அங்கே ஒரு மணி தானியம்கூட இருக்காது. ஆசையில் ஆடுகிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பெட்டையைச் சுற்றும்போதும் அதே ஆட்டம்தான், எதிரிச் சேவலை மிரட்டும்போதும் அதே ஆட்டம்தான். நான் பெட்டை இல்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை!

"கொழுப்பெடுத்ததுக்குக் குழம்புச் சட்டிதான் இடம்" என்று அத்தை சொல்லிவிட்டார். மகன் சாப்பிடவில்லை. அடுத்த வீட்டு அப்வா (பர்மியப் பாட்டிமாரை அப்படித்தான் கூப்பிடுவோம்) வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "அவன் கெட்டவன் இல்லை. கோழி முகம் பார்க்காமல் வளர்ந்துட்டான். உன்னையும் ஒரு செட்பா என்று நினைக்கிறான்." செட்பா என்றால் சேவல்.

அதன்பிறகுதான் எங்கள் நடத்தையை மாற்றினோம். விரல் விளையாட்டை நிறுத்தினோம். கையில் தீனி வைத்துக் கொடுப்பதை விட்டு, குருணையைத் தரையில் இறைத்தோம். ராத்திரி அவன் பஞ்சாரத்தைப் பெரிய சேவலும் கோழிகளும் அடையும் கொட்டகைக்குள் வைத்தோம். பத்து நாள் கழித்துப் பகலில் அவர்களோடு திறந்துவிட்டோம். பெரிய சேவல் இரண்டு நாளில் அவனுக்குப் பாடம் எடுத்துவிட்டது, நாங்கள் தலையிடவில்லை. எங்கள் மேல் பாய வரும்போது ஓடவும் கூடாது, உதைக்கவும் கூடாது. ஓடினால் அவன் ஜெயித்தான். உதைத்தால் சண்டைக்கு ஒப்புக்கொண்டோம் என்று அர்த்தம். அசையாமல் நின்று, அவன் தணிந்த பிறகு மெதுவாக அவன் இருக்கும் பக்கமே நடப்போம். அடங்காத நாளில் இரண்டு இறக்கையையும் சேர்த்துப் பிடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, உடம்பு தளரும்வரை அப்படியே வேலை பார்ப்பேன். ஆறு வாரம் ஆயிற்று. இப்போது மனிதர்மேல் பாய்வதில்லை. சிவப்பு வாளி மட்டும் இன்றுவரை அவனுக்கு ஆகாது.

கூடப் பிறந்த எட்டில் நான்கு வெள்ளைக் கழிச்சல் நோயில் போய்விட்டன. அது வராமல் தடுக்கக் கண்ணில் விடும் சொட்டு மருந்தை அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று நான் தள்ளிப்போட்டதுதான் காரணம். அதைச் சொல்லாமல் இதை எழுத மனம் வரவில்லை.

உங்கள் வீட்டில் எப்படி?

*

அக்கா, நான் முடோனிலிருந்து. எங்களிடம் ஒரே அடையில் பொரித்த அண்ணன் தம்பி இரண்டு சேவல். கருப்பன் மூத்தவன் மாதிரி, செவலை அடங்கினவன். விடியற்காலையில் கருப்பன் கூவுகிறவரை செவலை வாயைத் திறக்கமாட்டான். கருப்பன் முடித்ததும் உடனே இவன் கூவுவான். தொண்டை சரியில்லையோ என்றுகூட நினைத்தோம். மார்கழியில் கருப்பனை என் மச்சான் வீட்டுக்குக் கொடுத்தோம். மறுநாள் காலை நாலு மணிக்கு முதல் குரல் செவலையுடையது. கணீரென்று. படுக்கையில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2013-இல் சேவலை மாறாத மங்கல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்கள். விடிவது கண்ணுக்குத் தெரியாமலேயே விடியும் நேரத்துக்கு முன்னால் கூவியிருக்கிறது, உடம்புக்குள் கடிகாரம் ஓடுகிறது. 2015-இல் வந்த ஆய்வில், கூட்டத்தில் மேல்நிலையில் இருக்கும் சேவல்தான் முதலில் கூவும், மற்றவை வரிசைப்படி காத்திருக்கும், அதை எடுத்துவிட்டால் இரண்டாவது தொடங்கும் என்று கண்டிருக்கிறார்கள். எங்கள் கொட்டகையில் நடந்தது அதேதான்.

*

தங்கச்சி, ரங்கூனிலிருந்து எழுதுகிறேன். நீ பொறுமையாகத் திருத்தினது நல்ல விஷயம். ஆனால் எங்கள் வீட்டில் அப்போது பேத்திக்கு இரண்டு வயது. பெரியவர்களுக்குக் கெண்டைக்காலில் விழுவது அவளுக்கு முகத்தில் விழும். கண்ணுக்கு ஒரு விரற்கடை கீழே கீறிவிட்டது. சோப்பு போட்டு நன்றாகக் கழுவி, டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடி டெட்டனஸ் ஊசி போட்டோம். தழும்பு இன்னும் இருக்கிறது. சேவலைக் குழந்தை இல்லாத வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். அழுதுகொண்டுதான் கொடுத்தேன். தவழும், நடை பழகும் பிள்ளை இருக்கும் வீட்டில் ஆறு வாரம் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே வேலி போட்டுப் பிரித்துவிடுங்கள்.

*

பெகு பக்கத்திலிருந்து நான். சேவல் பாய்வதைப் பற்றியே பேசுகிறோம், அது காவல் காப்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் சேவலுக்கு இரண்டு அபாயக் குரல் உண்டு. பருந்து வட்டமிட்டால் தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் வானத்தைப் பார்த்து, மெல்லிசாக ஒரே இழுப்பாக இழுக்கும். குஞ்சுகள் அந்த நிமிஷமே பலாமரத்தடிக்கு ஓடிப் பதுங்கிவிடும். கீரியோ நாயோ தரையில் வந்தால் "கொக்கொக்கொக் கொக்கேய்" என்று விட்டுவிட்டுக் கத்தும். அதற்குக் கோழிகள் பதுங்குவதில்லை, கழுத்தை நிமிர்த்தி நின்று சுற்றும்முற்றும் பார்க்கும். நானும் இப்போது சத்தத்தைக் கேட்டுத்தான் மேலே பார்ப்பதா, வேலியைப் பார்ப்பதா என்று முடிவு செய்கிறேன்.

இங்கே யோமா மலையடிவாரத்துக் காட்டுச் சேவலும் இதே மாதிரிதான் கத்தும். உலகத்து வீட்டுக்கோழிக்கெல்லாம் மூதாதை தென்மேற்குச் சீனா, வட தாய்லாந்து, பர்மா காடுகளில் திரியும் செங்காட்டுக்கோழி வகை என்று 2020-இல் வந்த மரபணு ஆய்வு சொல்கிறது. நம் முற்றத்துக்காரர்களுக்கு இது சொந்த ஊர்.

*

எல்லோருக்கும் நன்றி. ரங்கூன் அக்கா, நீங்கள் சொன்னதுதான் சரி. எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளை இருந்திருந்தால் நானும் அதையே செய்திருப்பேன்.

ஒரு முற்றத்தில் இரண்டு சேவல் வைக்கலாமா என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டிருந்தீர்கள். இடமும் பெட்டைகளும் போதுமானால் வைக்கலாம். ஒரு சேவலுக்கு எட்டு, பத்துப் பெட்டை இருந்தால் நல்லது. குறைந்தால் பெட்டைகளின் முதுகு மயிர்தான் கொட்டும். எங்களிடம் அத்தனை இல்லை. பெரிய சேவலை மாமா வயலுக்குக் கொண்டுபோய்விட்டார்.

நேற்று மழை விட்டதும் புற்றிலிருந்து ஈசல் கிளம்பியது. வேலன் ஒன்றைக் கொத்தி எடுத்து, விழுங்காமல் கீழே போட்டான். திரும்ப எடுத்தான், போட்டான். தொண்டைக்குள் "கொக் கொக் கொக்" என்று ஒரு தாழ்ந்த குரல். புள்ளிப்பெட்டை ஓடிவந்து அதைத் தின்றது. அவன் அடுத்த ஈசலைத் தேடிப் போனான். மகன் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான், விரலை நீட்டவில்லை.