சுங்கை சிப்புட் லேலோங்கில் 'திரில் கில்' சீடி: 250 வெள்ளி கொடுக்கலாமா?

செம்பனைக்காட்டான்:
மலேசியா, சுங்கை சிப்புட்டில் ஒரு பழைய கேம் கடையைக் காலி பண்றாங்க, எல்லாம் லேலோங் (மலிவு விற்பனை). பிளேஸ்டேஷன் 1 'திரில் கில்' சீடி ஒண்ணு இருக்கு, அட்டை கலர் போட்டோஸ்டாட். வெளியாகாத கேம், 250 வெள்ளிக்கு (ரிங்கிட்) குறையாதுங்கிறார் கடைக்காரர். சூப்பர் நிண்டெண்டோ 'ஸ்டார் ஃபாக்ஸ் 2' கேட்ரிட்ஜும் இருக்கு. கீழே ஒரு பெட்டியில பேர் எழுதாத சீடி-ஆர் (நாமே பதிஞ்சுக்கிற சீடி) கிடக்கு, அதை யாரும் சீண்டல. இதுல எது நிஜம்? வாங்கினா எப்படி பத்திரமா காப்பி எடுக்கிறது?

பால்மரம்77:
திரில் கில்லுக்கு 250 வெள்ளியா? விடுங்க தம்பி. அந்த கேம் முறையாக வெளியாகவில்லையே தவிர, சீடி ஊரெல்லாம் வந்துவிட்டது. பாரடாக்ஸ் டெவலப்மெண்ட் செய்தது, வர்ஜின் இன்டராக்டிவ் வெளியிட இருந்தது. நாலு பேர் ஒரே அறைக்குள் அடித்துக்கொள்ளும் சண்டை கேம். 1998-இல் வர்ஜினின் அமெரிக்கப் பிரிவு எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் கைக்குப் போனது. வன்முறை எல்லை மீறிவிட்டது என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள், இன்னொரு கம்பெனிக்கு விற்கவும் சம்மதிக்கவில்லை. வேலை ஏறக்குறைய முடிந்திருந்ததால் வெளியே கசிந்தது. பைரேட் கடைகளுக்கு அதுவே போதும். அதே எஞ்சினில் (கேமின் அடிப்படை நிரலில்)தான் 1999-இல் 'வூ-டாங்: ஷாவோலின் ஸ்டைல்' வந்தது.

சீடியைத் திருப்பிப் பாருங்கள். கடையில் விற்ற அசல் பிளேஸ்டேஷன் 1 சீடியின் அடிப்பக்கம் கறுப்பு. சுத்த வெள்ளி நிறமாக இருந்தால் அச்சடித்த பைரேட். பச்சை, நீலம், தங்க நிறச் சாயல் தெரிந்தால் எரித்த சீடி-ஆர். கம்பெனிக்குள் சோதிக்கத் தந்தவையும் சீடி-ஆர்தான், ஏனென்றால் சோதனைக்கென்றே இருந்த நீல நிற டீபக் ஸ்டேஷன் கன்சோல் எரித்த சீடியையும் படிக்கும். அதனால் நிறத்தை வைத்து மட்டும் முடிவு கட்ட முடியாது. உள்ளே இருக்கும் ஃபைல்களின் தேதியைப் பார்க்க வேண்டும்.

என்னைக் கேட்டால் அந்தப் பேரில்லாத பெட்டியை மொத்தமாக விலை பேசுங்கள். தொண்ணூறு சதவீதம் பாட்டும் படமும்தான் இருக்கும். இருந்தாலும் சோதிக்கத் தந்த சீடி ஏதும் இருந்தால், தேட வேண்டிய இடம் அதுதான்.

லயத்து_கேமர்:
காப்பி எடுக்கிறது சுலபம் லா. லேப்டாப்பில போட்டு ஐஎஸ்ஓ (சீடியை ஒரே ஃபைலாக்கிறது) எடுத்துடுங்க, முடிஞ்சுது.

ஈயக்குட்டை:
ஐஎஸ்ஓ வேண்டாம். பிளேஸ்டேஷன் சீடியில் ஒரு செக்டர் (தரவுத் துண்டு) 2352 பைட். ஐஎஸ்ஓ அதில் 2048 பைட்டை மட்டும் எடுத்து வைக்கும். சாதாரண ஃபைலுக்கு அது போதும். ஆனால் வீடியோவும் எக்ஸ்ஏ (சுருக்கிய) ஒலியும் இருக்கும் செக்டர்களில் தரவே 2324 பைட். ஐஎஸ்ஓவாக எடுத்தால் கேம் ஓடும், அறிமுக வீடியோ வந்ததும் கரகரவென்று சத்தம் போட்டு நின்றுவிடும். சீடியில் தனியாகப் பாட்டு ட்ராக் இருந்தால் அதுவும் வராது. பின்-கியூ வடிவத்தில் எடுங்கள் (.bin ஃபைலில் சீடியின் தரவு அப்படியே இருக்கும், .cue ஃபைலில் ட்ராக் பட்டியல்), இம்ஜ்பர்ன் என்ற மென்பொருளே போதும்.

முதலில் சுத்தம். மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைக்க வேண்டும், வட்டமாகத் துடைக்கக் கூடாது. வட்டமாக விழுந்த கீறல் ஒரே பாதையில் நீண்டு போகும், பிழை திருத்தும் கணக்கால் அதை ஈடுகட்ட முடியாது. மேலே ஒட்டிய ஸ்டிக்கரைப் பிய்க்கவே கூடாது. கண்ணாடி போலத் தெரியும் படலம் அந்தப் பக்கம் மெல்லிய அரக்குக்கு அடியில்தான் இருக்கிறது, பசையோடு சேர்ந்து உரிந்து வந்துவிடும். ஏர்கான் அறையிலிருந்து வெளியே எடுத்தால் ஆவி படியும், அது காய்ந்த பிறகே ட்ரைவில் போடுங்கள்.

ட்ரைவ் படிக்கும் வேகத்தை 4 அல்லது 8 எக்ஸுக்குக் குறையுங்கள். ஒரு தடவை எடுத்ததும் சீடியை வெளியே எடுத்துத் திரும்பப் போட்டு இன்னொரு காப்பி எடுங்கள். விண்டோஸில் இருக்கும் சர்ட்யூட்டில் கட்டளையால் இரண்டு பின் ஃபைலுக்கும் ஷா-1 எண் (ஃபைலின் கைரேகை மாதிரி) எடுத்து ஒப்பிடுங்கள். எண் மாறினால் எங்கோ தப்பாகப் படித்திருக்கிறது. ட்ரைவை மாற்றிப் பாருங்கள். ஒரு ட்ரைவ் திணறும் சீடியை இன்னொன்று சர்வசாதாரணமாகப் படிக்கும். முக்கியமாக, படிக்கும் பிழைகளைக் கண்டுகொள்ளாமல் விடும் அமைப்பை ஆன் பண்ணாதீர்கள். படிக்காத இடத்தைச் சும்மா நிரப்பிவிட்டு 'முடிந்தது' என்று காட்டும்.

ரீடம்ப் போன்ற, பழைய கேம்களைப் பாதுகாத்து வைக்கும் குழுக்களிடம் இருக்கும் பட்டியலில் அந்த ஷா-1 எண்ணைத் தேடுங்கள். இருந்தால் தெரிந்த காப்பி. இல்லாவிட்டாலும் உடனே குதிக்க வேண்டாம், பைரேட்காரர்கள் சொந்த மெனு சேர்த்திருந்தாலே எண் மாறிவிடும்.

பால்மரம்77:
ஸ்டார் ஃபாக்ஸ் 2 விஷயத்துக்கு வருவோம். கேம் 1995-இலேயே முடிந்துவிட்டது. நிண்டெண்டோ 64 வரப்போகிறது, பிளேஸ்டேஷன் முப்பரிமாணத்துக்குப் பக்கத்தில் இது பழசாகத் தெரியும் என்று பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். 2017-இல் சூப்பர் நிண்டெண்டோ மினியில்தான் முதல்முறையாக முறைப்படி வந்தது. கடைக்கு வந்த அசல் கேட்ரிட்ஜ் என்று ஒன்று கிடையாது. உங்கள் கையில் இருப்பது பிறகு யாரோ செய்தது, அதற்குத் தனி விலை கொடுக்க வேண்டியதில்லை.

ஓடுமா என்று பார்க்க ஒரு வழி உண்டு. சாதாரண கேட்ரிட்ஜில் நடுவில் 46 பின் (உலோகத் தொடுமுனை) இருக்கும். இந்த கேமுக்கு சூப்பர் எஃப்எக்ஸ் 2 சிப் கேட்ரிட்ஜுக்குள்ளேயே வேண்டும். அந்தச் சிப் உள்ளவற்றில் இரண்டு ஓரத்திலும் கூடுதல் பின் இருக்கும், மொத்தம் 62. ஓரப் பின் இல்லையென்றால் உள்ளே வேறு கேம். திறக்க 3.8 மில்லிமீட்டர் கேம்பிட் ஸ்க்ரூட்ரைவர் வேண்டும். உள்ளே 'டூம்' அல்லது 'யோஷிஸ் ஐலண்ட்' போர்டை அறுத்து ஒயர் ஒட்டியிருந்தால், ஒரு நல்ல கேட்ரிட்ஜைக் கெடுத்துச் செய்தது. எந்தக் கேட்ரிட்ஜிலாவது கண்ணாடிச் சன்னல் வைத்த சிப்பும் மேலே ஸ்டிக்கரும் பார்த்தால் ஸ்டிக்கரைத் தொடாதீர்கள். அது ஈப்ரோம் (அழித்து எழுதக்கூடிய நினைவகச் சிப்), வெயில் பட்டால் உள்ளே இருப்பது கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துவிடும்.

செம்பனைக்காட்டான்:
நன்றிண்ணே. பெட்டியை மட்டும் 20 வெள்ளிக்குக் கேட்டுப் பார்க்கிறேன். வீட்டு பிளேஸ்டேஷன்ல மோட்சிப் (எரிச்ச சீடியும் வெளிநாட்டு கேமும் ஓட வைக்கிற சிப்) இருக்கு. ஆனா முன்னாடி ஒரு அமெரிக்க கேம் போட்டப்ப டிவியில கறுப்பு வெள்ளையா ஓடிச்சே?

ஈயக்குட்டை:
டிவி 'பால்' (PAL) நிற முறையை மட்டும் எடுக்கும் பழைய மாடல், கேம் அமெரிக்க 'என்டிஎஸ்சி' (NTSC) முறை. மஞ்சள் வயரில் நிறக் குறியீடு ஒத்துப்போகாது. டிவி மெனுவில் கலர் சிஸ்டம் 'ஆட்டோ' இருந்தால் அதற்கு மாற்றிப் பாருங்கள், எல்சிடி டிவியில் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அந்தப் பெட்டியில் வரும் சீடியை காப்பி எடுக்கும் முன் கன்சோலில் போடாதீர்கள். பழைய கன்சோலில் சீடி தட்டை உரசிக் கீறல் விழ வாய்ப்புண்டு. பின்-கியூ எடுத்து முடித்துவிட்டு, டக்ஸ்டேஷனில் (கணினியில் பிளேஸ்டேஷன் கேம் ஓட்டும் மென்பொருள்) கியூ ஃபைலைத் திறந்து ஓட்டிப் பாருங்கள்.