மும்பைக்குப் பறக்கிறது, வர்ஜீனியாவுக்கு ஊர்கிறது: அப்லோடு வேகத்துக்கு உதவி தேவை

ராயபுரம் எடிட்டர்:
வணக்கம். கல்மண்டபம் பக்கம் சின்ன எடிட்டிங் ரூம் வைத்திருக்கிறேன். கல்யாண வீடியோ ஒன்றின் ஃபுட்டேஜ் 120 ஜிபி, வர்ஜீனியாவில் இருக்கும் சர்வருக்குப் போக வேண்டும். அங்கே கலரிஸ்ட் காத்திருக்கிறார். 300 எம்பிபிஎஸ் ஃபைபர், அப்லோடும் அதே அளவு. மும்பை சர்வருக்கு 280 வரை ஏறுகிறது. வர்ஜீனியாவுக்கு 11-தான். நேற்று இரவு 10 மணிக்கு ஆர்சிங்க் (ஃபைல்களை வேறு கம்ப்யூட்டருக்கு நகலெடுக்கும் புரோகிராம்) போட்டேன், காலை 7 மணிக்கு 44 ஜிபிதான் போயிருந்தது. பிங், அதாவது ஒரு சின்ன சிக்னல் அங்கே போய்த் திரும்ப ஆகும் நேரம், 240 மில்லிசெகண்ட். உபுண்டு, வைஃபை இல்லை, கேபிள்தான். லைனை மாற்ற வேண்டுமா?

தண்டையார்பேட்டை அண்ணன்:
அவசரப்பட்டு மாற்றாதீர்கள் தம்பி. வர்ஜீனியாவுக்கு 10,000 பிங் அனுப்பி எத்தனை தொலைகிறது என்று பாருங்கள்.

ராயபுரம் எடிட்டர்:
2 தொலைந்தது அண்ணா. மும்பைக்கு ஒன்றுகூட இல்லை. வெறும் 2-க்கு இவ்வளவு அடியா?

தண்டையார்பேட்டை அண்ணன்:
ஆமாம், தூரம் அப்படி. எண்ணூர் ஹைரோட்டில் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகளை நினைத்துக்கொள்ளுங்கள். போன லாரியின் ரசீது திரும்பி வந்தால்தான் யார்டிலிருந்து அடுத்தது கிளம்பும். ரசீது வர 240 மில்லிசெகண்ட் ஆகிறது. 300 எம்பிபிஎஸ் நிரம்ப வேண்டுமென்றால் எந்த நேரமும் சுமார் 9 எம்பி வழியில் இருக்க வேண்டும்.

எவ்வளவு வேகமாக அனுப்பலாம் என்று முடிவு செய்யும் முறை லினக்ஸில் வழக்கமாக க்யூபிக். ஒரு பாக்கெட் (டேட்டாவின் சிறு துண்டு, நம் லாரி மாதிரி) தொலைந்தால் பாதையில் நெரிசல் என்று எடுத்துக்கொண்டு, வழியில் விடும் அளவை 30 சதவீதம் குறைத்துவிடும். மறுபடி மெல்ல ஏறி வருவதற்குள் அடுத்தது தொலையும். பழைய நிலைக்குத் திரும்பவே முடியாது.

க்யூபிக்குக்குப் பதிலாக பிபிஆர் என்ற முறையைப் போட்டுப் பாருங்கள். கூகுள் 2016-இல் வெளியிட்டது, லினக்ஸ் 4.9-இலிருந்து கெர்னலிலேயே (லினக்ஸின் மையப் பகுதியிலேயே) இருக்கிறது. ஒன்றிரண்டு பாக்கெட் தொலைந்ததற்காகப் பின்வாங்காது. பாதை எவ்வளவு தாங்குகிறது, குறைந்தபட்சம் எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்து அதற்கேற்ப அனுப்பும். அனுப்புகிற கம்ப்யூட்டரில் மாற்றினால் போதும், சர்வரைத் தொட வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும் இணைப்பு க்யூபிக்கிலேயே இருக்கும், அதனால் ஆர்சிங்கை நிறுத்திவிட்டுத் திரும்பத் தொடங்குங்கள்.

ராயபுரம் எடிட்டர்:
அண்ணா, 65-க்கு வந்துவிட்டது! ஆனால் அதற்கு மேல் அசையவில்லை.

வியாசர்பாடி அக்கா:
அது எஸ்எஸ்ஹெச் போடும் பூட்டு. ஆர்சிங்க் பாதுகாப்பாகப் போவது அந்த இணைப்பு வழியாகத்தான். அதற்கான ஓபன்எஸ்எஸ்ஹெச் புரோகிராம் தனக்கென்று 2 எம்பி விண்டோ, அதாவது ரசீது வராமல் வழியில் விடக்கூடிய அளவு, வைத்திருக்கிறது. 240 மில்லிசெகண்டுக்கு 2 எம்பி என்றால் 70 எம்பிபிஎஸ்தான் உச்சம். எங்கள் ஆபீஸில் இதே இடத்தில் இரண்டு நாள் மாட்டிக்கொண்டோம். ஒரே ஆர்சிங்கில் எல்லாவற்றையும் அனுப்பாமல், ஃபோல்டர் வாரியாக நான்காகப் பிரித்து ஒரே நேரத்தில் ஓடவிடுங்கள் தம்பி.

ராயபுரம் எடிட்டர்:
முகூர்த்தம், ரிசப்ஷன், ட்ரோன், ஆடியோ என்று நான்காகப் பிரித்தேன். மொத்தம் 230! மிச்சமிருந்த 70 ஜிபி நாற்பது நிமிடத்தில் முடிந்தது. இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி.

தண்டையார்பேட்டை அண்ணன்:
சந்தோஷம். அக்கா சொன்னது எனக்கும் தோன்றவில்லை. அப்புறம், ரீபூட் செய்தால் பழையபடி க்யூபிக் வந்துவிடும். கெர்னல் செட்டிங்குகளை வைத்திருக்கும் சிஸ்சிடிஎல் கான்ஃபிக் ஃபைலிலும் பிபிஆரை எழுதி வைத்துவிடுங்கள்.