திரையில் வந்த விடையை மறுபடி தட்டாமல் எடுப்பது எப்படி?

நண்பர்களே, ஒரு உதவி வேண்டும். மணிக்கட்டு வலியால் மவுஸைத் தொடுவதை விட்டுவிட்டேன். லினக்ஸ் சர்வரில் எல்லா வேலையும் டெர்மினலில்தான்.

பழைய லாக் கோப்புகளில் கிரெப் (grep) என்ற தேடல் கட்டளையை ஓட்டினால் நாலு நிமிடம் கழித்து முப்பது கோப்புப் பாதைகள் வருகின்றன. அதில் ஏழாவதை மட்டும் விம் (vim) எடிட்டரில் திறக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த நீளப் பாதையைக் கையால் தட்டினால் எங்காவது ஓர் எழுத்து பிசகிவிடுகிறது.

டாலர் குறிக்குப் பின் அடைப்புக்குள் இரண்டு ஆச்சரியக்குறி, அதாவது $(!!), போட்டுப் பார்த்தேன். அது பழைய விடையை எடுப்பதில்லை, கட்டளையையே திரும்ப ஓட்டுகிறது. இன்னொரு நாலு நிமிடம்! விடை நேராகத் திரைக்குப் போவதால் கட்டளைகளை ஓட்டும் பேஷ் (bash) ஷெல்லிடம் அதன் நகல் இல்லை. ஹிஸ்டரியில் கட்டளை மட்டும்தான் இருக்கும். விடையைத் திரையிலும் கோப்பிலும் எழுதும் டீ (tee) கட்டளையைச் சேர்த்து ஒரு கோப்பில் சேமிக்கலாம், சரி. ஆனால் அந்த யோசனை முன்கூட்டியே தோன்ற வேண்டுமே.

இப்போதைக்கு, டெர்மினலைப் பல பகுதிகளாகப் பிரித்துத் தரும் டிமக்ஸ் (tmux) நிரலின் காப்பி மோடில் போய், மேலே நகர்ந்து, பிடித்து ஒட்டுகிறேன். வலிக்கிற கைக்கு அத்தனை விசைகள் அதிகம்.

டிமக்ஸின் கேப்சர்-பேன் (capture-pane) கட்டளை திரையில் உள்ளதை எழுத்தாகவே தருகிறது. அதிலிருந்து பாதைகளை மட்டும் பிரித்து, பட்டியலில் தேடி எடுக்க உதவும் எஃப்இசட்எஃப்பில் (fzf) ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கர்சர் நிற்கும் இடத்தில் விழவைக்க ஒரே விசையில் யாராவது அமைத்திருக்கிறீர்களா? அடுத்த வரிக்கு மடியும் நீளப் பாதைகள் இரண்டாக உடைகின்றன, நான் நிற்பது அங்கேதான். உங்கள் கான்ஃபிக் வரிகளை அப்படியே பகிர்ந்தால் பெரிய உதவி.