"அப்போ அவங்க அறிவாளி, நாம முட்டாளா மிஸ்?"

வகுப்பறை ஜன்னல்:
எட்டாம் வகுப்புக்கு வரலாறு எடுக்கிறேன். ஐரோப்பியர்கள் உலகத்தைப் பிடித்ததில் தொழில்நுட்பத்துக்கு என்ன பங்கு என்ற பாடத்தைப் போன வருடம் நன்றாகத்தான் நடத்தினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீராவிக் கப்பல், மலேரியாவுக்கான கொயினா மருந்து, தந்தி, தானாகத் தொடர்ந்து சுடும் மாக்சிம் துப்பாக்கி என்று வரிசையாகச் சொல்லி முடித்ததும் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, தலைப்பில் போட்டிருக்கும் கேள்வியைக் கேட்டாள். பதில் சொல்வதற்குள் பெல் அடித்துவிட்டது. அடித்தது நல்லதாகப் போயிற்று என்பதுதான் உண்மை. அடுத்த வாரம் மறுபடி அதே பாடம். இந்த முறை எங்கிருந்து ஆரம்பிப்பது?

நீராவி நேசன்:
ஒரு பிள்ளையின் கேள்விக்குப் பயந்து பாடத்தை நீர்க்கவிடாதீர்கள் மேடம். போர்த்துக்கீசியர் 15ஆம் நூற்றாண்டிலேயே ஆப்பிரிக்கக் கரையைத் தொட்டுவிட்டார்கள். ஆனால் 1870களில்கூட அந்தக் கண்டத்தின் பெரும்பகுதி ஐரோப்பியர் கையில் இல்லை. 400 வருடம் கரையோரமே நின்றவர்கள், அடுத்த முப்பது நாற்பது வருடத்தில் ஏறக்குறைய முழுசையும் விழுங்கியது எப்படி? பேராசை அதற்கு முன்னாலும் இருந்ததே!

1841இல் நைஜர் ஆற்றில் போன பிரிட்டிஷ் குழுவைக் காய்ச்சல் வாரிக்கொண்டு போனது. 1854இல் பெய்க்கி என்ற மருத்துவர் தன் ஆட்களுக்குத் தவறாமல் கொயினா கொடுத்து அதே ஆற்றில் போனார். காய்ச்சலுக்கு ஒருவரைக்கூடப் பறிகொடுக்காமல் திரும்பினார். அதே ஆறு, அதே கொசு.

சீனாவையும் பாருங்கள். நெமிசிஸ் என்று கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஒரு கப்பல். இரும்பு உடல், ஆழமில்லாத அடிப்பகுதி, காற்றை எதிர்பார்க்காத நீராவி. 1841இல் அது கன்டன் ஆற்று முகத்துவாரத்தில் புகுந்து சீனத்துப் போர்ப்படகுகளை நொறுக்கியது. அதுவரை கடலில் மட்டும் பலசாலியாக இருந்தவனுக்கு ஆறும் வசமானது. இதைச் சொல்லாமல் என்ன வரலாறு?

கல்வெட்டு:
ஆப்பிரிக்கா, சீனா என்று சுற்றிவிட்டு நைசாக இந்தியாவைத் தாண்டிவிட்டீர்களே சார். பிளாசி 1757. நீராவி இல்லை, தந்தி இல்லை, மாக்சிம் துப்பாக்கி வர இன்னும் நூறு வருடத்துக்கு மேல் இருக்கிறது. கிளைவிடம் இருந்தது சுமார் 3000 பேர், அதிலும் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். வங்காள நவாபின் தளபதி மீர் ஜாஃபர் படையோடு ஒதுங்கி நின்றான், வட்டிக்கடைப் பெருந்தனக்காரர் ஜகத் சேட் வீட்டுப் பணம் கம்பெனி பக்கம் சாய்ந்தது. கதை அங்கே முடிந்தது.

அதற்கு 16 வருடம் முன்னால் குளச்சலில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா டச்சுக்காரர்களைத் தோற்கடித்து, பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாயையே தன் படைக்குப் பயிற்சி கொடுக்க வைத்தார். 1780இல் பொள்ளிலூரில் மைசூர் ராக்கெட்டுக்கு மிரண்டது யார்? அந்த ராக்கெட்டுகளைப் பார்த்துத்தான் காங்கிரீவ் என்ற ஆங்கிலேயர் பிற்பாடு இங்கிலாந்தில் தன்னுடையதைச் செய்தார். எங்கே இருக்கிறது நீங்கள் சொல்லும் இடைவெளி?

நீராவி நேசன்:
பிளாசியில் மழை கொட்டியபோது கம்பெனிக்காரர்கள் வெடிமருந்தைத் தார்ப்பாய் போட்டு மூடிவைத்தார்கள். நவாப் பக்கத்து மருந்து நனைந்துவிட்டது. அதுவும் தொழில்நுட்பம்தான்.

கல்வெட்டு:
தார்ப்பாயா! நல்லவேளை, குடையைச் சேர்க்கவில்லை. ஜூன் மாத வங்காளத்தில் மழை வரும் என்பது அந்த ஊர்க்காரனுக்குத் தெரியாதா? மூடிவைக்கச் சொல்லவேண்டியவனே விலைபோயிருந்தால் பாய் எங்கிருந்து வரும்?

சாயங்கால வாசகி:
இருவரும் கருவி யாரிடம் இருந்தது என்பதிலேயே நிற்கிறீர்கள். அடுத்தவனிடம் போகாமல் அதை எப்படித் தடுத்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். 1878இல் இந்தியாவில் ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியன் துப்பாக்கி வைக்க உரிமம் வேண்டும், ஐரோப்பியருக்கு விலக்கு. 1890இல் பிரஸ்ஸல்ஸில் கூடிய அரசுகள், அடிமை வியாபாரத்தை ஒழிக்கிறோம் என்ற ஒப்பந்தத்துக்குள்ளேயே ஆப்பிரிக்காவின் பெரும்பகுதிக்கு நவீனத் துப்பாக்கி விற்பதற்கும் தடை போட்டன. தானாக இருக்கிற இடைவெளிக்கு யாராவது சட்டம் போட்டுக் காவல் வைப்பார்களா?

அந்தப் பெண்ணிடம் முதலில் சொல்லவேண்டியது இதுதான். முட்டாள்களுக்குத் துப்பாக்கி விற்கக்கூடாது என்று யாரும் பயந்து சட்டம் எழுதுவதில்லை.

நீராவி நேசன்:
பிரஸ்ஸல்ஸ் சங்கதி எனக்குப் புதிது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அம்மா, தடுக்கவேண்டிய அளவுக்கு அந்தக் கருவி முக்கியம் என்பதைத்தானே அதுவும் சொல்கிறது? என் கட்சிக்கே வலு சேர்த்திருக்கிறீர்கள்.

சாயங்கால வாசகி:
முக்கியமில்லை என்று நான் சொல்லவே இல்லையே. கருவி தானாக நடந்து போய் நாடு பிடிக்காது என்கிறேன். நம் ஊர் ரயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். லண்டனில் பங்கு வாங்கியவனுக்கு 5 சதவீத வருமானத்துக்கு அரசு உத்தரவாதம் கொடுத்தது. லாபம் வராத வருடம் அந்தப் பணம் இந்தியன் கட்டிய வரியிலிருந்து போனது. நீராவி எஞ்சினுக்குள் அந்த ஒப்பந்தம் இருக்கிறதா?

சங்கிலிக்காரன்:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும், நான் சர்வேயர். துப்பாக்கியையே பேசுகிறீர்கள், நிலம் அளக்கக் கோணம் பார்க்கும் தியோடலைட்டை யாரும் தொடவில்லை. லாம்டன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி 1802இல் சென்னைப் பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய நில அளவையின் கருவி அது. 1808இல் தஞ்சைப் பெரிய கோவில் கோபுரத்துக்கு அரை டன் கருவியைக் கயிறு கட்டி ஏற்றும்போது, அது சுவரில் மோதிச் சேதமாகிவிட்டது. மனிதர் உட்கார்ந்து தானே சரிபண்ணினார். ராஜராஜன் கட்டிய உயரத்தில் ஏறித்தான் கம்பெனி நம் நிலத்தை அளந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஒரு மாதிரி இருக்கும். துப்பாக்கி ஊரைப் பிடித்துக் கொடுக்கும். பிடித்ததை வைத்து ஆள வரைபடம் வேண்டும்.

வகுப்பறை ஜன்னல்:
எல்லாவற்றையும் படித்தேன். பட்டியலை ஓரங்கட்டிவிட்டு இரண்டே சண்டையைப் பலகையில் எழுதப்போகிறேன். 1896 அட்வா: மன்னர் மெனலிக்கின் எத்தியோப்பியப் படை இத்தாலியை அடித்து விரட்டியது. 1898 ஓம்துர்மான்: ஒரே காலையில் சூடானியர் சுமார் 10,000 பேர் செத்தார்கள், பிரிட்டிஷ் தளபதி கிட்சனர் பக்கம் ஐம்பதுக்கும் குறைவு. ஒரே கண்டம், இரண்டு வருட இடைவெளி. ஏன் இப்படி என்று பிள்ளைகளே சொல்லட்டும். மெனலிக் முன்கூட்டியே ஐரோப்பியர்களிடமே நவீனத் துப்பாக்கிகளை வாங்கிச் சேர்த்தவர் என்பதைக் கடைசியில்தான் சொல்வேன்.

நீராவி நேசன்:
அட்வா விதிவிலக்கு மேடம். அதையே முகப்பில் வைத்தால் மற்ற இடங்களிலும் முயன்றிருந்தால் ஜெயித்திருக்கலாம் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள், அதுவும் பொய்தான். சரி, ஓம்துர்மானைச் சொல்லும்போது துப்பாக்கியோடு நிறுத்திவிடாதீர்கள். முந்தின வருடமே கிட்சனர் பாலைவனத்தின் குறுக்கே ரயில் பாதை போட்டார். அது இல்லாவிட்டால் பீரங்கியும் சோறும் அங்கே போயே சேர்ந்திருக்காது.

கல்வெட்டு:
கிட்சனர் படையில் மூன்றில் இரண்டு பங்கு எகிப்தியரும் சூடானியரும்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நேசன் சார் அதற்கும் தார்ப்பாயைக் காரணம் சொல்வார்.

நீராவி நேசன்:
சொல்வேன்தான்.

வகுப்பறை ஜன்னல்:
ரயில் பாதையையும் படைக்கணக்கையும் குறித்துக்கொண்டேன். அந்தப் பெண் இப்போது ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறாள், என் வகுப்பு இல்லை. திங்கட்கிழமை இடைவேளையில் கூப்பிட்டு அந்த பிரஸ்ஸல்ஸ் சமாசாரத்தைச் சொல்லவேண்டும்.